பட்டை, மரம், எலுமிச்சை: பர்ஃப்யூமை முகர்ந்து வார்த்தையில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பரவி, இன்று எந்த நாட்டு பர்ஃப்யூம் கடையில் சொன்னாலும் புரிகிற சொல்லாகிவிட்டது. அந்தப் பாட்டிலை வாங்கி அடித்துக்கொள்ளும் நாமோ, “எப்படி இருக்கு?” என்று யாராவது கேட்டால் “உட்டியா, ஃப்ரெஷ்ஷா, லேசா ஸ்பைசியா இருக்கு” என்று முடித்துவிடுகிறோம். கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. அதே மூன்று சொல் ஆயிரம் பாட்டிலுக்குப் பொருந்தும்.

பத்து வருடமாக ஒரு நோட்டில் வாசனைக் குறிப்பு எழுதி வருகிறேன். முதல் வருடம் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால், எந்தக் குறிப்பு எந்தப் பாட்டிலுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் “அருமை”, “கம்பீரம்”, “புத்துணர்ச்சி”. அதற்கப்புறம் மூன்றே கேள்விக்குப் பதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எந்தப் பொருள் போல மணக்கிறது? அடித்த எத்தனையாவது நிமிடத்தில்? எவ்வளவு தூரம் வரை தெரிகிறது? பொருள், நேரம், தூரம். இந்த மூன்றையும் சொன்னால், பாட்டிலைப் பார்க்காத ஒருவர்கூட அதை ஓரளவு முகர்ந்துவிட முடியும்.

## முதலில் ஸ்பைசி, உட்டி, ஃப்ரெஷ் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

‘ஸ்பைசி’ என்ற சொல்லை மசாலா என்று மொழிபெயர்த்தால் பிரியாணி நினைவுக்கு வரும். காரம் என்றால் மிளகாய். பர்ஃப்யூமில் இரண்டும் இல்லை. மிளகாயில் காரத்தைத் தரும் கேப்சைசினுக்கு மணமே கிடையாது. ஸ்பைசி என்று பாட்டிலில் போட்டிருந்தால் கிராம்பு, பட்டை, சாதிக்காய், ஏலக்காய், மிளகு, இஞ்சி, கொத்தமல்லி விதை, குங்குமப்பூ ஆகியவற்றில் ஒன்றிரண்டின் சாயல் இருக்கும் என்று பொருள்.

‘உட்டி’ மர வாசனை. ஆனால் எந்த மரம்? இழைத்த சந்தனமா, அறுத்துப் போட்ட பலகையா, புகைந்த கட்டையா? வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். பச்சௌலி ஒரு செடியின் இலை. இரண்டையும் பர்ஃப்யூம்காரர்கள் மரக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள், ஏனென்றால் மணம் அப்படி.

‘ஃப்ரெஷ்’தான் மூன்றிலும் மோசமாகத் தேய்ந்துபோன சொல். எலுமிச்சைத் தோலும் ஃப்ரெஷ், துவைத்த துணியும் ஃப்ரெஷ், கடற்காற்றும் ஃப்ரெஷ். மூன்றுக்கும் ஒற்றுமை ஏதுமில்லை.

வாசனைகளை வகைப்படுத்த இன்று அதிகம் பயன்படுவது வாசனை வல்லுநர் மைக்கேல் எட்வர்ட்ஸ் போட்டுக் கொடுத்த சக்கரம். பூ, ஆம்பர் (பிசினும் வனிலாவும் சேர்ந்த இனிப்பான சூடு), மரம், ஃப்ரெஷ் என்று அதில் நான்கு பெரிய குடும்பங்கள். ஸ்பைசிக்குத் தனிக் குடும்பம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது ஆம்பரோடும் சேரும், மரத்தோடும் சேரும், எலுமிச்சையோடும் சேரும். சமையலில் தாளிப்பு எப்படியோ அப்படி. ஆகவே ஸ்பைசி என்று எழுதினால், “எதன் மேல் தாளித்த ஸ்பைசி?” என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுத வேண்டும்.

## நாட்டு மருந்துக் கடையில் ஒரு வாசனைப் பெட்டி

மூக்குக்குப் பாடம் சொல்ல விலை உயர்ந்த சாம்பிள் தேவையில்லை. பக்கத்து நாட்டு மருந்துக் கடைக்குப் போய் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள்: வெட்டிவேர், கோரைக்கிழங்கு, தேவதாரு, சந்தனக் கட்டையில் ஒரு சின்னத் துண்டு, சாம்பிராணி, சாதிக்காய், சாதிபத்திரி. மிளகு, கிராம்பு, பட்டை, ஏலக்காய் வீட்டிலேயே இருக்கும். எலுமிச்சை, நார்த்தை இலை, இஞ்சி, புதினா எல்லாம் அன்றன்று பச்சையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் சின்னக் கண்ணாடி டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். தினம் 3 டப்பா போதும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திறந்து முகர்ந்து, பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் பெயரைத் தாண்டி ஒரு வரி சொல்லுங்கள். கிராம்பு என்றால் பல் டாக்டர் அறை நினைவுக்கு வரும். அது பிரமை இல்லை. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால், பல் வைத்தியத்திலும் காலங்காலமாகப் பயன்பட்டு வருவது அதேதான். பட்டையில் இரண்டு வகை வாங்க முடிந்தால் வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா, முகர்ந்ததும் முகத்தில் அடிக்கும். இலங்கையில் கறுவா என்று சொல்வது மெல்லியதாகச் சுருண்டிருக்கும், மணமும் மென்மை, லேசான இனிப்பு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரம் முகர்ந்து பழகினால், பர்ஃப்யூமில் “பட்டை” என்று எழுதுவதோடு நிற்க மாட்டீர்கள். முரட்டுப் பட்டையா, இளம் பட்டையா என்று எழுதுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை: கிராம்பு எண்ணெயையோ பட்டை எண்ணெயையோ அப்படியே தோலில் தடவிப் பார்க்காதீர்கள். எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். பர்ஃப்யூமிலேயே இவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு.

கையோடு தமிழில் வாசனைக்கு இருக்கும் சொற்களையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மணம், வாசம், நறுமணம், வாடை, நெடி, கமறல், வீச்சம், கவிச்சி, காட்டம். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் இல்லை. வாடை என்றால் லேசாக எங்கேயோ தொங்கிக்கொண்டிருப்பது. நெடி என்றால் மூக்கில் குத்துவது. கமறல் தொண்டையில் உட்காரும். உடம்பிலும் இதற்குத் தனித்தனி வழி உண்டு. மணத்தை முகர்வு நரம்பு எடுத்துச் செல்கிறது. குத்தலையும், புதினாவின் குளிர்ச்சியையும், மிளகின் சுரீரையும் முகத்தில் தொடுஉணர்வுக்குப் பொறுப்பான ட்ரைஜெமினல் நரம்பு எடுத்துச் செல்கிறது. மணத்தையும் நெடியையும் தமிழ் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது குறிப்பு எழுதுபவர்களுக்குப் பெரிய வசதி. “முதல் ஐந்து நிமிடம் கிராம்பு நெடி, அப்புறம் கிராம்பு வாசம்” என்று ஒரே வரியில் எவ்வளவு சொல்லிவிட முடிகிறது பாருங்கள்.

## முகரும் முறை

முதலில் காகிதம், அப்புறம் தோல். கடையில் தரும் பட்டைக் காகிதம் இல்லாவிட்டால் தடித்த சார்ட் பேப்பரை விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒரு முறை அடித்து, அரை நிமிடம் ஆல்கஹால் பறக்க விட்டு, மூக்கில் இடிக்காமல் இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து முகருங்கள். நீளமாக ஒரே மூச்சாக இழுக்க வேண்டாம். குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று இழுப்பு, பிறகு ஓய்வு.

தோலில் என்றால் முன்னங்கையின் உட்புறம். ஒரு கைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதனால் வாசனை உடைந்துபோகாது. ஆனால் உரசும் சூட்டில் மேல் வாசனை, அதாவது அடித்ததும் முதலில் எழுவது, வேகமாகப் பறந்துவிடும், நாம் எழுத வந்ததே கொஞ்சம் தொலைந்துபோகும்.

மூக்கு களைத்துப்போனால் காபிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். வெறும் காற்றைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை. வாசலுக்கு வந்து நில்லுங்கள், அல்லது சொந்தச் சட்டையின் தோள் பக்கத்தை முகருங்கள். அது போதும்.

கடையில் நின்று முடிவெடுக்காதீர்கள். நான் ஒரு முறை காகிதத்தில் வந்த எலுமிச்சை, ஏலக்காய் வாசனையில் மயங்கி, ஐந்தாவது நிமிடத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது இரண்டும் போய், எனக்குப் பிடிக்காத ஒரு தித்திப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அந்தத் தித்திப்புதான் அடுத்த எட்டு மணி நேரம். வாங்கியது எட்டு மணி நேரத்தை, முகர்ந்தது ஐந்து நிமிடத்தை.

## கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள்

இது ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் குறிப்பு எழுதுவது பாதி சுலபமாகிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் அதிகம் இருக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136. கிராம்பின் யூஜினால் 164. சந்தனத்தின் சாண்டலால் 220. எடை குறைந்தது சீக்கிரம் ஆவியாகும், கூடியது தோலில் தங்கும் என்பது பொதுவான போக்கு. எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஆனால் முதலில் எலுமிச்சை, நடுவில் கிராம்பு, கடைசியில் சந்தனம் என்ற வரிசை எங்கிருந்து வருகிறது என்பது இந்த மூன்று எண்ணிலேயே தெரிந்துவிடும். ஃப்ரெஷ், ஸ்பைசி, உட்டி மூன்றும் ஒரே பாட்டிலில் அடிக்கடி சேர்ந்து வருவதற்கும் இதுவே காரணம். ஒன்று பறந்த இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது.

நான் குறிப்பு எழுதும் நேரங்கள்: அடித்தவுடன், 10 நிமிடம், 1 மணி, 3 மணி, 6 மணி, படுக்கும்போது. மறுநாள் காலை சட்டையில் ஒரு தடவை. ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு வரி, அவ்வளவுதான். மூன்றாவது மணிக்குப் பிறகு வரும் நிலையை ‘ட்ரை டவுன்’ என்பார்கள். மர வாசனைகளை அங்கேதான் எடைபோட வேண்டும். எலுமிச்சையை முதல் 20 நிமிடத்தில் எழுதாவிட்டால் அப்புறம் எழுத ஆள் இருக்காது.

கம்பெனிக்காரர்கள் பெட்டியில் போடும் பட்டியலை எழுதி முடித்த பிறகு பாருங்கள், முன்பே பார்க்காதீர்கள். “கருங்கல்”, “கடல் உப்பு” என்றெல்லாம் அதில் இருக்கும். கல்லிலிருந்து எண்ணெய் எடுக்க முடியாது. அது அந்த நினைவைத் தரும் ஒரு கலவை. ‘ஆம்பர்’ என்பதும் அப்படித்தான். லாப்டனம் பிசின், சாம்பிராணி, வனிலா சேர்ந்த இனிப்பான சூட்டுக்கு வைத்த பெயர் அது.

## ஸ்பைசியை எழுதுவது

சூடா, குளிர்ச்சியா என்று முதலில் முடிவெடுங்கள்.

கிராம்பு, பட்டை, சாதிக்காய், குங்குமப்பூ சூட்டுப் பக்கம். இவை கனமானவை, மெதுவாக நகர்பவை, இனிப்பைக் கூட்டிக்கொண்டு வருபவை. பலருக்குத் தெரிந்த உதாரணம் ஓல்ட் ஸ்பைஸ். ஆண்களுக்கான அந்த வாசனை 1938-ல் வந்தது. ஷேவ் செய்த கன்னத்தில் அப்பாவோ தாத்தாவோ தட்டிக்கொண்ட அந்த வாசனையில் முன்னால் நிற்பது கிராம்பும், கிராம்பைப் போலவே மணக்கும் கார்னேஷன் பூவும். 1977-ல் வந்த ஈவ் செயின்ட் லாரன்டின் ஓப்பியம் இதே சூட்டுப் பக்கம்தான். ஆனால் பிசின்கள் சேர்ந்து கனம் ஏறி, ஒரு அறையையே நிரப்பக்கூடியது. கிராம்பைக் கொதிக்கும் பாயசத்தில் போட்டால் ஒரு மணம், வெறும் வாயில் கடித்தால் வேறு மணம். இந்த இரண்டில் எது என்று எழுதிவிட்டால் சூட்டு ஸ்பைசி பாதி முடிந்தது.

ஏலக்காய், மிளகு, இஞ்சி, கொத்தமல்லி விதை, ரோஸ் மிளகு எல்லாம் குளிர்ச்சிப் பக்கம். மிளகைக் குளிர்ச்சி என்றால் ஆச்சரியமாக இருக்கலாம். அம்மியில் நாலு மிளகைத் தட்டிவிட்டு உடனே முகர்ந்து பாருங்கள். காரத்துக்கு முன்னால் எலுமிச்சை போல, பச்சை மரப் பட்டை போல ஒரு வெளிச்சமான வாசனை வரும். மிளகின் காரம் பைப்பரின், அது ஆவியில் ஏறாது. காய்ச்சி வடித்த மிளகு எண்ணெயில் காரம் இல்லாமல் இந்த வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். ஏலக்காயில் யூகலிப்டஸில் இருக்கும் அதே சினியோல் உண்டு. பச்சை ஏலக்காயை உரித்ததும் மூக்கு திறந்துகொள்வது அதனால்தான். கார்ட்டியேவின் டெக்லரேஷன், 1998-ல் ஜான் க்ளோட் எலெனா செய்தது, ஏலக்காயை முன்னால் நிறுத்தியது. பாயசத்து ஏலக்காயைத் தேடினால் அதில் ஏமாறுவீர்கள். அதில் உள்ளது இனிப்பில்லாத, நெஞ்சுக்குள் காற்றுப் போகிற ஏலக்காய்.

மிளகைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அதன் தனித்த மணத்துக்கு முக்கியக் காரணமான மூலக்கூறு ரோட்டண்டோன். அந்தப் பெயர் நம் கோரைக்கிழங்கின் தாவரப் பெயரான சைப்ரஸ் ரொட்டண்டஸிலிருந்து வந்தது, முதலில் அதில்தான் கண்டார்கள். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் மிளகு மணம் வீசும் ஒயினில் அது இருப்பதைக் கண்டு சொன்னபோது, ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும் என்று அளந்தார்கள். ஆனால் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியவில்லை. ஆகவே உங்கள் நண்பர் “மிளகே இல்லையே” என்றால் வாதாட வேண்டாம், அவர் மூக்குக்கு அது உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். மருந்துக் கடைக் கோரைக்கிழங்கை முகர்ந்து, மண், மரம், அடியில் மிளகு என்று மூன்றும் தெரிகிறதா என்று பாருங்கள். பர்ஃப்யூம்காரர்கள் சைப்ரியால் என்று சொல்லும் எண்ணெய் இந்தக் கோரை இனத்தது. அகில் வாசனையைப் போலச் செய்ய அதை நிறையப் பயன்படுத்துகிறார்கள்.

## மரத்தை எழுதுவது

மரத்துக்கு நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: ஈரமா, உலர்ந்ததா? பாலா, புகையா?

சந்தனத்தில் தொடங்குங்கள், அதுவும் கல்லில் இழைத்து. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைச் சுற்றிச் சுற்றி இழைக்கும்போது முதலில் வருவது ஈரக் கட்டையின் வாடை மட்டும்தான். விழுது கெட்டியாக ஆரம்பித்ததும் வாசனை மாறும். காய்ச்சிய பால் ஆறி ஏடு படியும் நேரத்தில் பாத்திரத்துக்கு மேலே ஒரு மணம் இருக்குமே, அது வரும். அதன் அடியில் மிக லேசாக ஒரு புளிப்பு. கையில் பூசிக் காய்ந்த பிறகு பால் பின்வாங்கி, தூள் போன்ற மென்மை நிற்கும். இதை ஒரு முறை கவனித்துவிட்டால், பர்ஃப்யூமில் வரும் ‘சந்தனம்’ எதுவெல்லாம் வேறு என்று உடனே தெரியும். இன்று பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது ஜாவனால், சாண்டலோர் மாதிரியான செயற்கைச் சந்தனம், அல்லது ஆஸ்திரேலியச் சந்தனம். ஆஸ்திரேலிய வகை உலர்ந்தது, பால் குறைவு. செயற்கை வகைகளில் சில பளபளவென்று நீளமாக ஓடும். மோசம் என்று சொல்ல வரவில்லை, வேறு என்று எழுதினால் போதும். லெ லாபோவின் சாண்டால் 33, 2011-ல் வந்தது. பெயரில்தான் சந்தனம். என் மூக்குக்கு அதில் புதுத் தோல் பையும் பலகையும்தான் முன்னால் தெரிகின்றன.

செடார் என்றால் உலகம் முழுக்க “பென்சில் சீவல்” என்று எழுதுவார்கள். அந்த வாசனை வர்ஜீனியா செடார் எனப்படும் மரத்தினுடையது, அந்தக் காலத்துப் பென்சில்கள் அதில்தான் செய்யப்பட்டன. நம் ஊரில் இப்போது கிடைக்கும் பென்சில்கள் பெரும்பாலும் பாப்ளர் மரம், சீவினாலும் அந்த மணம் வராது. அதனால் கண்ணால் படித்ததை எழுதாமல், தேவதாருக் கட்டையை முகர்ந்துவிட்டு எழுதுங்கள். அது இமயமலைச் செடார், கொஞ்சம் பிசின், கொஞ்சம் இனிப்பு. அல்லது மரக்கடையில் இழைப்புளி ஓடும்போது காலடியில் விழும் சுருளை எடுத்து முகருங்கள். உலர் மரம் என்பது அதுதான்.

இனி வெட்டிவேர். கோடையில் என் அம்மா மண்பானைத் தண்ணீரில் ஒரு சின்ன முடிச்சாகக் கட்டிப் போடுவார். அந்தத் தண்ணீரில் வருவது வெட்டிவேரின் ஒரு முகம் மட்டும்: ஈர மண், குளிர்ச்சி, லேசான இனிப்பு. காய்ந்த வேரைக் கையில் கசக்கினால் புல்லும் கசப்பும் வரும். நெருப்பில் காட்டினால் புகை. காய்ச்சி வடித்த எண்ணெயில் எல்லாம் ஒன்றாக இருக்கும், எது முன்னால் நிற்கும் என்பது விளைந்த இடத்தையும் வடித்த விதத்தையும் பொறுத்தது. ஹெய்ட்டி வெட்டிவேர் சுத்தமானது, மேலே கிரேப்ஃப்ரூட் தோல் போல ஒரு கசப்பு. ஜாவா வெட்டிவேரில் புகையும் கரியும் தூக்கல். தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில் இதைப் பயிரிடுகிறார்கள். வட இந்தியாவில் செம்புப் பாத்திரத்தில் வடிக்கும் ‘ரூ கஸ்’ என்ற வெட்டிவேர் எண்ணெய் பச்சை நிறத்தில், பாசி பிடித்த கிணற்றடி போல மணக்கும். ஜான் போல் கெர்லான் 1959-ல் செய்த கெர்லான் வெட்டிவரை முகர வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எலுமிச்சை, சாதிக்காய், வேர், புகையிலை என்று ஃப்ரெஷ், ஸ்பைசி, உட்டி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அதில் விரல்விட்டு எண்ணலாம். “வெட்டிவேர் வாசனை” என்று மட்டும் எழுதாதீர்கள். பானைத் தண்ணீரா, கசக்கிய வேரா, கருகிய வேரா என்று எழுதுங்கள். இந்தச் சொற்களுக்கு உரிமை உள்ள மொழி நம்முடையது.

அகில், அதாவது ஊத், பூஞ்சை தாக்கிய மரத்தில் ஊறும் பிசின். நல்ல அகிலில் மாட்டுத் தொழுவம், பழைய மரப்பெட்டி, தேன் மூன்றும் கலந்திருக்கும். மலிவான பாட்டிலில் ‘ஊத்’ என்று இருப்பது பெரும்பாலும் மருந்துப் பட்டித் துணி போன்ற ஒரு கூர்மை.

நவீன மரம் என்று ஒரு வகை உண்டு, எந்தக் காட்டிலும் அந்த மரம் இல்லை. ஆய்வகத்தில் செய்யும் மூலக்கூறுகள் தரும் வாசனை அது. ஐசோ ஈ சூப்பர், ஆம்ப்ராக்சான் இரண்டும் அதில் முக்கியம். 2006-ல் வந்த மாலிக்யூல் 01 பாட்டிலில் ஐசோ ஈ சூப்பர் மட்டும்தான். அடித்தவருக்கு அடிக்கடி காணாமல் போகும், திடீரென்று மெல்லிய செடார் போலத் திரும்பி வரும், பக்கத்தில் இருப்பவர்தான் அதிகம் முகர்வார். 2015-ல் வந்த டியோர் சவாஜில் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகை, மிளகு இரண்டும் அடங்கிய பிறகு மணிக்கணக்கில் நிற்பது ஆம்ப்ராக்சான். உப்பும் உலர்ந்த மரமும் சூடான தோலும் சேர்ந்தாற்போல ஒன்று.

## ஃப்ரெஷ்ஷை எழுதுவது

எந்த ஃப்ரெஷ் என்று சொல்லிவிட்டால் இங்கே வேலை சீக்கிரம் முடியும்.

எலுமிச்சைக் குடும்பத்தில் தோலா, சாறா, இலையா என்று பாருங்கள். 1709-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா தொடங்கிய வாசனைத் தண்ணீரின் வழிவந்ததுதான் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடும் ஓடிகொலோன். தோலும் இலையும் பூவும் கலந்தது, அரை மணியில் விடைபெறும், அதுவே அதன் இயல்பு. டியோரின் ஓ சவாஜ், 1966, எட்மண்ட் ரூட்நிட்ஸ்கா செய்தது, எலுமிச்சைக்கு அடியில் ஹெடியோன் என்ற மல்லிகைச் சாயல் கொண்ட மூலக்கூறை வைத்து அந்த வெளிச்சத்தை நீட்டியது.

பச்சை வாசனை என்றால் அறுத்த புல், கிள்ளிய காம்பு. நீர் வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் காலோன் என்ற செயற்கை மூலக்கூறு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, அதோடு கடற்கரைக் காற்று. கொஞ்சம் கூடினால் கவிச்சி எட்டிப் பார்க்கும், அதையும் தயங்காமல் எழுதுங்கள். சோப்பு, சலவை ஃப்ரெஷ்ஷுக்குப் பின்னால் டைஹைட்ரோமிர்சினால் இருக்கும். 1988-ல் டேவிடாஃப் கூல் வாட்டர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. அதே பொருள் சலவைத் தூள்களிலும் இருப்பதால், “துவைத்த சட்டை மாதிரி” என்று யாராவது சொன்னால் அவர் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது.

## தூரத்தையும் நீடிப்பையும் அளப்பது

எவ்வளவு தூரம் வீசுகிறது என்பதை ப்ரொஜெக்ஷன் என்றும், நடந்து போனபின் பின்னால் தங்குவதை சில்லாஜ் என்றும் சொல்கிறார்கள். எனக்கு நான்கு அளவு போதும்: தோலில் மூக்கை வைத்தால் மட்டும், தோளோடு தோள் உட்கார்ந்தால், கை நீட்டும் தூரத்தில், அறைக்குள் நுழைந்தால்.

நம் மூக்கை இதற்கு நம்பக் கூடாது. ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு சீக்கிரம் பழகி, அதை விட்டுவிடும். நவீன மர வாசனைகளில் இது மிக அதிகம். “இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது” என்று எழுதுவதற்கு முன் வேறொருவரைக் கேளுங்கள். நான் தங்கையைக் கூப்பிடுவேன்.

“கொஞ்சம் கிட்ட வந்து பாரு, இன்னும் வருதா?”

“கிட்டயே வர வேணாம்ணா, நீ கதவத் தொறக்கும்போதே வந்துச்சு. மரக்கடைல நிக்கிற மாதிரி இருக்கு.”

அது அடித்து ஆறாவது மணி. என் மூக்கில் ஒன்றுமே இல்லை.

பாட்டில் மேலுள்ள ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ற சொற்கள் எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான குறிப்பு. முன்னது தோராயமாக 5 முதல் 15 சதவீதம், பின்னது 15 முதல் 20. கூடுதல் சதவீதம் என்றால் கூடுதல் தூரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஓ டி பர்ஃபம் தோலோடு ஒட்டிக்கொண்டு நீளமாக நிற்கும், ஓ டி டாய்லெட் முதல் ஒரு மணி நேரம் அதைவிட உரக்கப் பேசும்.

எந்த வானிலையில் போட்டீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். சித்திரை வெயிலில் சென்னையில் மேல் வாசனை பாதி நேரத்தில் பறக்கும், சூட்டு ஸ்பைசி இரண்டு மடங்கு கனக்கும். கிராம்பும் வனிலாவும் வியர்வையோடு சேர்ந்தால் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி. அதே பாட்டில் மார்கழியில் ஊட்டியில் அழகாக அடங்கி நிற்கும். ஏசி அறையில் நாள் முழுக்க இருப்பவருடைய குறிப்பும் பைக்கில் சுற்றுபவருடைய குறிப்பும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். வெட்டிவேர், ஏலக்காய், எலுமிச்சை மூன்றும் வெயில் காலத்தில் கனக்காமல் இதமாக இருக்கும். காய்ந்த தோலில் எதுவும் சீக்கிரம் போகும், வாசனையில்லாத எண்ணெயைக் கொஞ்சம் தடவிவிட்டு அடித்தால் நிற்கும். பருத்திச் சட்டையில் தோலைவிட நீடிக்கும், ஆனால் வெள்ளையில் கறை விழலாம். பெர்கமோட், எலுமிச்சை தூக்கலான வாசனையைத் தோலில் அடித்துக்கொண்டு நேர் வெயிலில் போகாமல் இருப்பது நல்லது. இயற்கை எண்ணெயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டுத் தோலைக் கறுக்க வைக்கும்.

## ஒரு முழுக் குறிப்பு

எர்மெஸின் டெர் டெர்மெஸ், ஓ டி டாய்லெட். 2006-ல் ஜான் க்ளோட் எலெனா செய்தது. ஆவணி மாதம், சென்னை, வெயிலும் புழுக்கமும். முன்னங்கையில் ஒன்று, சட்டையில் ஒன்று. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

காலை 7.10. கமலா ஆரஞ்சின் தோலை மடித்து அழுத்தினால் கண்ணில் தெறிக்குமே, அது. இனிப்பு இல்லை, கசப்பு உண்டு. கை நீட்டும் தூரம்.

7.20. ஆரஞ்சு இருக்கிறது, ஆனால் ஒரு கல்லின் மேல் வைத்தது போல. வெயிலில் காய்ந்த கல்லில் முதல் தூறல். தட்டிய மிளகு, நெடி இல்லாமல்.

8.10. பழம் ஒதுங்கிவிட்டது. ஜெரேனியம் இலையைக் கசக்கிய பச்சை. மிளகு இன்னும் நிற்கிறது. உலர்ந்த மரம் அடியிலிருந்து ஏறுகிறது. பஸ் நிறுத்தத்தில் வியர்த்தபோது திடீரென்று உரக்க வீசியது.

10.15. ஏசி. கசக்கிய வெட்டிவேர், செடார். ஈரமே இல்லை. தோளோடு தோள் தூரம் என்று நினைத்தேன். எதிர் மேஜைக்காரர் “யாரோ ஆரஞ்சு உரிச்சீங்களா?” என்று கேட்டார், ஆகவே கை நீட்டும் தூரம் என்று திருத்துகிறேன்.

1.30. எனக்குத் தெரியவில்லை. வாசலுக்குப் போய்விட்டு வந்து முகர்ந்தேன், இருக்கிறது. வேர், கொஞ்சம் சாம்பிராணி இனிப்பு.

இரவு 10. தோலில் மிக லேசாக மரத்தூள்.

மறுநாள் காலை, சட்டைக் காலர். பானையிலிருந்து எடுத்துக் காயப்போட்ட வெட்டிவேர் முடிச்சு.